கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிளுக்குக் கேரியர் இல்லை.

மருதாசலம் அதைச் சுவரில் சாய்த்து வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அது வந்த அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அங்கேயும் இல்லை. நேற்று வரைக்கும் இது ஒரு குறையாகவே அவருக்குத் தெரியவில்லை. இன்று காலையில் வாய்க்கால் தடத்தில் ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது.

"ஏம்புள்ள செல்வி, இதுல நீ எங்க உக்காருவ?"

"நான் எதுக்குங்க உக்காரோணும்?" என்றாள் அறிவுச்செல்வி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

"அட, நீ உக்காராம எப்புடி ஜேடர்பாளையம் போறது?"

செல்வி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டாள்.

மருதாசலம் இருபத்தெட்டு வருடம் ரிக்கு வண்டி ஓட்டியவர். போர்வெல் போடுகிற அந்தப் பெரிய வண்டியோடு ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பத்து மாதம் ஊர் சுற்றினார். மழைக்கு வண்டி நிற்கும்போது ரெண்டு மாதம் வீடு. அதில் ஒரு மாதம் தூங்கித் தீர்ப்பார். இன்னொரு மாதம் சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்தும் கல்யாணமுமாகப் போய்விடும். கல்யாணமான புதுசில், எட்டுக் கிலோமீட்டரில் இருக்கிற ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குச் செல்வியைக் கூட்டிப் போய் ஆற்று மீன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னார். சொன்னது சொன்னதாகவே இருந்தது. நர்மதையைப் பார்த்தாயிற்று, மகாநதியைப் பார்த்தாயிற்று. பொண்டாட்டியோடு காவிரியைப் பார்க்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த கையோடு பரமத்தி வேலூர் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்க்கரை முந்நூத்தி இருபது இருக்கு. தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. ஓடினா இன்னும் நல்லது. இப்படியே விட்டா கண்ணு, கிட்னி ரெண்டும் போயிரும். சும்மா பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க."

"நடக்கறதுங்களா?" என்றார் மருதாசலம், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் மாதிரி.

அவர் தொழிலில் ஒருவன் ரோட்டில் நடந்து போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி நின்றுவிட்டது. எதிரே வருகிறவன் எல்லாம் "என்னங்க, பிரேக் டவுனா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். தெருமுனைக் கடையில் கொத்தமல்லித் தழை வாங்கக் கூட மொபெட்டில் போகிற மனிதர் அவர். நடப்பாரா?

செல்வி ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தாள். "நம்ம தெருவோட போயிட்டு வந்தாப் போதுமுங்க." ம்ஹூம். "நானும் கூட வாரேனுங்க." ம்ஹூம். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சந்தைக்குப் போனவள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். பையில் நல்ல ஆற்று மீன் இருந்தது. கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"என்ன புள்ள, கண்ணு இப்புடி செவந்து கெடக்குது?"

"சின்ன வெங்காயம் பாத்துப் பொறுக்குனனுங்க."

பொறுக்கினதுக்கே இந்தக் காரமா, இந்த வருடம் வெங்காயம் பரவாயில்லையே என்று மருதாசலம் நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் பெங்களூரில் இருக்கிற மகள் தீபிகா போன் செய்தாள். "நடக்கத்தானே வெக்கம்? சைக்கிள் ஓட்டுங்கப்பா. கிராவல் பைக் ஒண்ணு அனுப்பறேன்."

"கிராவல் அடிக்கற வண்டியா கண்ணு? எத்தனை யூனிட்டு புடிக்கும்?"

"அய்யோ அப்பா! கிராவல் தடத்துல ஓட்டற சைக்கிள். பஸ்ஸு, லாரி எதுவுமே வராத தடமாப் பாத்து ஓட்டோணும். நம்ம ராஜவாய்க்கா மேட்டுல போங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

அதுதான் இந்தச் சைக்கிள். நோஞ்சானாக இருக்கிறதே என்று முதலில் யோசித்தார். விடிந்தும் விடியாமல் வாய்க்கால் மேட்டில் ஏற்றிய பிறகு அந்த யோசனையே மறந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர் சத்தமில்லாமல் கூடவே வந்தது. மறுபக்கம் கோரைக் காடு, அதைத் தாண்டி வெற்றிலைக் கொடிக்கால். ரெண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரித் தடத்துக்குள் இறங்கினால் மயில் ஒன்று நின்று பார்த்துவிட்டு நிதானமாக ஒதுங்கியது. ஹாரன் இல்லை, டீசல் வாடை இல்லை, ஓவர்டேக் பண்ண ஒருத்தன் இல்லை. இந்தியாவில் பாதியை ஓட்டிக் கடந்தவருக்கு, தன் வீட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு தடம் இருப்பது ஐம்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. தெரிந்ததும் செல்வியின் ஞாபகம் வந்தது. பாவம், கட்டிக்கொண்டு வந்த நாளாய் வீடு, மாடு, சந்தை என்று கிடந்தவள். இவளை விட்டுவிட்டு ஒண்டியாக இதை அனுபவிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆடிப் பதினெட்டு அன்றைக்கு இந்தத் தடத்திலேயே அவளை அணைக்கட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்தார். இன்னும் ரெண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

ஆகவே கேரியர்.

லாரி பாடி கட்டுகிற ரமேஷ்குமாரின் பட்டறைக்குச் சைக்கிளை மொபெட்டில் வைத்துக் கட்டிக் கொண்டுபோனார்.

"ஸ்ட்ராங்கா வேணும் தம்பி. உக்காரப் போறது என்ற சம்சாரம்."

"கவலையே உடுங்கண்ணா. அஞ்சு டன்னு தாங்கற மாதிரி பண்ணிப்போடலாம்."

சொன்னபடியே பண்ணினான். லாரிக்குப் போடுகிற ஆங்கிளை வளைத்து, நாலு கிளாம்பு போட்டு முடுக்கிக் கொடுத்தான். சைக்கிள் பதினோரு கிலோ. கேரியர் பதினாலு கிலோ. மறுநாள் காலையில் வாய்க்கால் மேட்டில் செல்வி "உக்காரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மருதாசலம் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார். அப்படியே மூவரும், அதாவது அவரும் செல்வியும் சைக்கிளும், கோரைக்குள் போய் விழுந்தார்கள்.

வீடியோ காலில் கேரியரைப் பார்த்த தீபிகா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு "அம்மாவுக்குத் தனியா ஒரு சைக்கிள் இருந்தா…" என்று ஆரம்பித்தாள். மருதாசலத்தின் முதுகுக்குப் பின்னால் நின்ற செல்வி கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தீபிகா சட்டென்று, "நீங்களே அம்மாவுக்குப் பழக்கி உடுங்கப்பா" என்று முடித்துவிட்டாள்.

"உனக்குச் சைக்கிள் தெரியாதில்ல புள்ள?"

"எனக்கு ஆருங்க பழக்கி உட்டாங்க?" என்றாள் செல்வி, முந்தானையை முறுக்கியபடி.

அந்தக் கேள்வி மருதாசலத்தை எங்கேயோ தொட்டுவிட்டது. உண்மைதானே, யார் பழக்கிவிட்டார்கள்? பழக்கிவிட வேண்டியவன் சத்தீஸ்கரில் பாறையைக் குடைந்துகொண்டிருந்தான். "நான் பழக்கி உடறேன்" என்றார்.

மாட்டுக்கொட்டகையில் தீபிகாவின் பள்ளிக்கூடச் சைக்கிள் கிடந்தது. பதினொன்றாவது படிக்கும்போது கவர்மெண்டு கொடுத்த லேடீஸ் சைக்கிள். அவள் ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. வெளியே உருட்டிக்கொண்டு வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி காற்று இருந்தது. செயினில் எண்ணெய் கூடக் காயவில்லை.

"பாத்தியா புள்ள? பத்து வருசமாச் சும்மா கெடந்தும் காத்து எறங்கல. கவர்மெண்டு குடுத்தாலும் நல்ல டயராத்தான் குடுத்திருக்கறான்!"

"ஆமாங்க, நல்ல கம்பெனி போல" என்றாள் செல்வி.

சீட்டு உயரம் கூட அவளுக்குச் சரியாக இருந்தது. அது தன் கண்ணளவுக்குக் கிடைத்த வெற்றி என்று மருதாசலம் எடுத்துக்கொண்டார்.

பாடம் தொடங்கியது. அவர் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் செல்வி நேராகப் போனாள். கையை விட்டால் விழுந்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் மாதிரி விழுவதற்கு யாராலும் முடியாது. விழுவதற்கு முன்னால் சேலையை ஒதுக்கிக்கொள்வாள். வாய்க்கால் பக்கம் ஒரு நாளும் விழவில்லை. எப்போதும் கோரைப் பக்கம், அதுவும் முள் இல்லாத இடமாக விழுந்தாள்.

"சாமி காப்பாத்துது உன்னைய" என்பார் மருதாசலம், மூச்சு வாங்கியபடி.

"நீங்க புடிச்சுக்கறீங்கல்ல, அதுதானுங்க."

நாலாம் நாள் அவருக்குக் கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். லாரி நின்றுவிட்டால் என்ன செய்வோம்? கயிறு கட்டி இழுப்போம். ரமேஷ்குமாரின் கேரியர் அப்படியேதான் இருந்தது. அதில் ரிக்கு வண்டிக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைச் செல்வியின் ஹேண்டில் பாரில் முடிந்தார். "நீ சும்மா உக்காந்து வளைச்சா மட்டும் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. தடத்தின் நடுவே ஒற்றைத் தென்னை மரம் ஒன்று உண்டு. மருதாசலம் அதற்கு இடப்பக்கமாகப் போனார். செல்வி வலப்பக்கமாகப் போனாள். கயிறு மரத்தைச் சுற்றியது. இரண்டு சைக்கிளும் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றையொன்று நேருக்கு நேராகச் சந்தித்தன. கவர்மெண்டு சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிராவல் பைக்கின் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது.

செல்வி கோரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அய்யோ, உங்க மூஞ்சியப் பாக்கோணுமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மருதாசலம் வலியை மறந்து அவளையே பார்த்தார். இவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடத்தில் தனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இவளிடம் இருக்கிறதோ என்று நினைத்தார்.

சக்கரம் பழுது பார்க்கச் சேலத்துக்குப் போயிற்று. அந்த ரகச் சக்கரம் வர ரெண்டு மாதம் ஆகும் என்றார்கள். இனி மிச்சம் இருந்தது கவர்மெண்டு சைக்கிளும் மருதாசலத்தின் ரெண்டு காலும்தான்.

"பக்கத்து ஊட்டு மோனிஷாவை வேணா பழக்கி உடச் சொல்லட்டுமா? சின்னப் புள்ள, வெரசா ஓடுவா."

செல்வி முகம் வாடிவிட்டது. "நீங்க புடிச்சாத்தானுங்க எனக்குத் தெகிரியம்."

இதைக் கேட்ட பிறகு எந்த ஆண்பிள்ளை மாட்டேன் என்பான்? மறுநாளிலிருந்து மருதாசலம் ஓடினார். முதலில் மதகு வரைக்கும். அப்புறம் கொடிக்கால் வரைக்கும். அப்புறம் கன்னிமார் கோயில் வரைக்கும். நிற்கலாம் என்று அவர் நினைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் செல்விக்கு ஓட்ட வரும்.

"இப்பக் கொஞ்சம் பிடிபடறாப்பல இருக்குதுங்க, உட்டுறாதீங்க!"

சரி என்று இன்னும் ஒரு பர்லாங்கு ஓடுவார்.

"மெதுவாப் போனா ஆட்டுதுங்க. சித்த வேகமாப் புடிங்க!"

ஒருநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட வந்த பக்கத்துக் காட்டுக்காரர் குமரன் எதிரே வந்துவிட்டார். வியர்வை ஒழுக ஓடி வருகிற மருதாசலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். "என்னங்க, பிரேக் டவுனா?"

இருபத்தெட்டு வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அந்தக் கேள்வி. "டிரெய்னிங்குங்க!" என்று கத்திவிட்டு மருதாசலம் நிற்காமல் ஓடினார்.

ஆடி பிறந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ராத்திரி படுத்தால் கல்லைப் போல் தூங்கினார். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் செல்வி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ரத்தச் சோதனைச் சீட்டை ரெண்டு தடவை படித்தார்.

"நூத்தி முப்பது! எடையும் ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கு. நடக்க மாட்டேன்னீங்களே, அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. எனக்கு எங்கீங்க நேரம்? சம்சாரத்துக்குச் சைக்கிள் பழக்கறதுக்கே பொழுது பத்தலீங்க."

"வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தனுங்க" என்றாள் செல்வி அவசரமாக.

"அதுதானுங்க! வெந்தயம் நல்லாக் கேக்குதுங்க!" என்றார் மருதாசலம்.

ஆடிப் பதினெட்டு நோம்பி அன்று விடிகாலையில் செல்வி புதுச்சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள். மருதாசலம் அவளைக் கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்த்தார். கையை விட்டார். விழுந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. என்ற மண்டையில ஏறவே மாட்டீங்குது" என்றாள் புல்லைத் தட்டிக்கொண்டே. "பஸ்ஸுலயே போயிருலாமுங்களா?"

மருதாசலம் தடத்தைப் பார்த்தார். எட்டுக் கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஹாரனும் கூட்டமும்தான் பார்க்கக் கிடைக்கும். இந்தத் தண்ணீரை, இந்த இட்டேரியை, அந்த மயிலை இவளுக்குக் காட்டுவது எப்போது? இருபத்தெட்டு வருடம் தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு வருடம் யார் கண்டது?

"ஏறு புள்ள" என்றார். "நான் புடிச்சுட்டே ஓடியாரேன்."

"எட்டு கிலோமீட்டருங்க!"

"எட்டுதான? ஏறு."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். ஓடினார். மதகு போயிற்று, கொடிக்கால் போயிற்று, கன்னிமார் கோயில் போயிற்று. அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓடினார். அஞ்சாவது கிலோமீட்டரில் புளிய மரத்தடியில் உட்கார்ந்தார்கள். செல்வி முந்தானையால் அவர் முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள்.

"ஒவ்வொரு ஆத்துப் பாலத்துல போறப்பவும் உன்னைய நெனைப்பேன் செல்வி. நம்மூரு ஆத்தையே அவளுக்குக் காட்டாம இங்க வந்து சுத்தறமேன்னு இருக்கும். சொன்னா நம்புவியா?"

"நம்பறனுங்க."

"ஒருக்கா கூட உன்னைய அங்க கூட்டிட்டுப் போகல. தப்புதான்."

"போச்சாது உடுங்க. நீங்க கூட இருந்தா எந்தத் தண்ணியும் எனக்குப் புதுசுதானுங்க" என்றாள் செல்வி. மருதாசலம் பேச்சை மாற்ற எழுந்து சைக்கிளைப் பிடித்தார்.

கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தார்கள். அணைக்கட்டில் காவிரி கரை முட்ட நின்றது. மருதாசலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தானே கட்டி முடித்த அணை மாதிரி காட்டினார்.

"இதுதான் புள்ள அணைக்கட்டு. அதா தெரியுது பாரு, அது மதகு. நம்ம வாய்க்காத் தண்ணி அங்கிருந்துதான் பிரியுது. நல்லாப் பாத்துக்க."

"அம்மாடி! எத்தாச்சோட்டுத் தண்ணிங்க!" என்று செல்வி கண்ணை அகல விரித்தாள். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் 'அப்படிங்களா' கொட்டினாள். மருதாசலத்துக்கு இதற்காக இன்னும் எட்டுக் கிலோமீட்டர் கூட ஓடலாம் போலிருந்தது.

"வா, சந்தை மீனே தின்னு உனக்கும் சலிச்சுப் போயிருக்கும். இன்னைக்கு அணை மீன் எப்புடி இருக்குதுன்னு பாரு" என்று, கரையோரம் மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்கு அவளைக் கூட்டிப் போனார். சைக்கிளை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். செல்விதான் என்னவோ வேறு கடைக்குப் போகலாம் என்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

கடைக்காரி உண்ணாமலை வாணலியிலிருந்து தலையைத் தூக்கினாள். செல்வியைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பானது. அவளுக்குப் பின்னால் சட்டை தொப்பலாக நனைந்து நின்ற மருதாசலத்தை மேலும் கீழும் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, ரெண்டு மாசமா ஆளையே காணோம்! ஞாயித்துக்கெழம ஆனா இதே சைக்கிள்ல ஒண்டியாப் பறந்து வருவீங்களே… அட, சித்த முந்தி அந்தக் கரையில உங்களைப் பொறகால புடிச்சுட்டே ஓடியாந்தாரே, இவருதானுங்களா 'ஒரு அடி நடக்க மாட்டீங்கறாரு'ன்னு அன்னைக்கு என்ற கடையில உக்காந்து நீங்க அழுத உங்க ஊட்டுக்காரரு?"